கையால் விடுவித்தது

என் கணவன் கிருத்திக்கின் தலையில் மிஸ்ட் இருக்கிறது, என் தலையில் கிரானைட். இப்போதெல்லாம் கல்யாணத் தரகர்கள் நட்சத்திரம் கேட்பதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். இந்தச் சேர்க்கை என்று தெரிந்தால் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போகிறார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆன காலத்தில் இந்த விவரமெல்லாம் யாருக்கும் தெரியாது. பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லி முடித்துவைத்துவிட்டார்கள்.

கணினிக்கு நிரல் எழுதுகிற வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு இருபது வருடம் ஆகிறது. அது எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் மனிதர்களுக்கு மிச்சம். நாளைக்கு ஒரு லிஃப்ட் ஏழாவது மாடியில் நிற்காமல் மொட்டை மாடியைப் பிய்த்துக்கொண்டு போனால், போலீஸ் வந்து பிடிக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆள் நான். இயந்திரம் ஒரு நிமிடத்தில் எழுதுவதை வெறும் கண்ணால் படிக்க ஒரு ஆயுள் போதாது. அதனால் நிரல் மொழியையே தலைக்குள் ஏற்றிவிடுகிறார்கள். காதுக்குப் பின்னால் ஒரு துளை, அரை நாள் விடுப்பு, மதியம் தயிர்சாதம், அவ்வளவுதான். ஒரு தலைக்கு ஒரு மொழிதான் தாங்கும். ஆசைப்பட்டு இரண்டு ஏற்றிக்கொண்ட ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு ஒரே ரவுண்டானாவை நூற்று நாற்பது முறை சுற்றினார். பெட்ரோல் பங்க்காரர்கள்தான் வழிமறித்து நிறுத்தினார்கள்.

மொழி ஏறினால் அதன் குணமும் கூடவே ஏறும். துளை போடுவதற்கு முன்னால் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜெல்லி என்று ஒரு மொழி இருக்கிறது. அதை ஏற்றிக்கொண்டவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தால் குடித்து முடித்து நன்றியும் சொல்வார்கள். எங்கள் மனிதவளத் துறை முழுக்க ஜெல்லி.

கிரானைட் அதற்கு நேர் எதிர். எந்தப் பொருளையும் உள்ளே விடுவதற்கு முன் அது என்ன வகை, எவ்வளவு பெரிசு என்று கேட்கும். உள்ளே வந்துவிட்டாலோ நாமாகக் கையால் விடுவிக்கிற வரைக்கும் போகாது. என் கல்யாணத்தன்று கிருத்திக்கின் சித்தப்பா ஒருவர் "பொண்ணு சுமார்தான்" என்றார். அப்போது அவர் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் இல்லை, வாயில் பாதி ஜாங்கிரி இருந்தது. பதின்மூன்று வருடமாக அந்த ஜாங்கிரி என் தலையில் அப்படியே இருக்கிறது.

மிஸ்டுக்குத் தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும் குணம். ஒரு விஷயத்தை ஆறு மாதம் யாரும் பேச்சில் எடுக்கவில்லை, நினைத்துப் பார்க்கவில்லை என்றால் அதைக் குப்பை என்று முடிவுகட்டித் தள்ளிவிடும். மிஸ்ட்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மறக்கக் கூடாதவற்றை ஒரு பட்டியலாக எழுதித் தினமும் காலையில் வாய்விட்டுப் படிப்பார்கள். கொக்கிப் பட்டியல் என்று பெயர். கொக்கியில் மாட்டியது நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் நிற்கும். கிருத்திக் தினமும் பல் தேய்த்துவிட்டுப் படிப்பான். நான் கிருத்திக். மனைவி தன்ஷிகா. அம்மா போரூரில். ரத்தம் ஓ பாசிட்டிவ். வேர்க்கடலை ஒத்துக்காது. வேர்க்கடலைக்கும் ரத்தத்துக்கும் மேலே என்னை வைத்திருக்கிறான் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மனிதவள மேலாளர் மோக்ஷிதா என்னைக் கூப்பிட்டாள்.

"கம்பெனி முழுக்க மிஸ்டுக்கு மாறுது தன்ஷிகா. கிரானைட்டுக்கு இனிமே ஆதரவு கிடையாது. திங்கக்கிழமைக்குள்ள மாத்திக்கோங்க. இல்லன்னா ராஜினாமா பேப்பர் போட்டுடுங்க."

"நாம பாக்கறது லிஃப்ட் வேலை. அதுக்கு மிஸ்ட் ஆகாது" என்றேன். "நடுவுல நின்னு பெருக்க ஆரம்பிச்சுடும். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல ஆள் மாட்டிக்குவான்."

"அதெல்லாம் டெக்னிக்கல். நான் மனுஷங்களைப் பத்திப் பேசறேன்."

"மனுஷங்கதான் லிஃப்ட்ல போறாங்க."

"பாத்தீங்களா, இதான் பிரச்சினை. கிரானைட்காரங்க எதையுமே விட மாட்டேங்கறீங்க. போன மீட்டிங்ல, எட்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ப்ரமோஷன் தரேன்னு சொன்னதைத் தேதியோட எடுத்து விட்டீங்க."

"யாரோ இல்ல, நீங்கதான். செப்டம்பர் பதினொண்ணு, சாயங்காலம் நாலே கால். கையில சமோசா இருந்துது."

மோக்ஷிதா சிரித்தாள். ஜெல்லிக்காரர்களுக்குக் கோபம் வராது. "மிஸ்ட்காரங்ககிட்ட இந்தத் தொல்லையே இல்ல. ஆறு மாசம் கழிச்சு எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்றாள்.

எந்த வேலைக்கு எந்த மொழி என்று பெரிய பெரிய புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வேகம், பாதுகாப்பு, படிக்க எளிமை என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருப்பார்கள். நானும் சின்ன வயதில் நம்பிப் படித்தேன். முதலாளிக்கு எதை மறக்கிற ஆட்கள் வேண்டுமோ அதற்கேற்ற மொழிதான் ஜெயிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜாங்கிரியும் சமோசாவும் போனால் போகட்டும். அவற்றுக்காக நான் ஒரு நாள் தூக்கம்கூடக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். என் கவலை அகரன்.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், ஐந்து வயதில், காய்ச்சலில் இறந்துபோனான். எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குள் மாடி எண்ணைச் சொல்லும் பெண்குரலை அவன் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். இறங்கும்போது டாட்டா சொல்வான், பதில் வராவிட்டால் கதவு மூடவிடாமல் நிற்பான். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். ஒருநாள் இது தாங்காமல் நான் வேலை செய்யும் நிரலிலேயே கைவைத்து, எங்கள் கட்டட லிஃப்ட் மட்டும் "டாட்டா அகரன்" என்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்தேன். தெரிந்திருந்தால் வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

அவன் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் மாமியார் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "அவன் பேரை இனிமே இந்த வீட்டுல யாரும் எடுக்காதீங்க. கிருத்திக் தாங்க மாட்டான்." படங்களைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். வந்தவர்களிடமும் சொல்லி வைத்தார்கள். துக்கம் நடந்த வீட்டில் பெரியவர்கள் செய்கிறதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானாவது யோசித்திருக்க வேண்டும். தலையில் மிஸ்ட் இருக்கிற ஒருவனைச் சுற்றி ஒரு பெயரைச் சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று, தொழில் தெரிந்த எனக்குத் தெரியாதா. நான் நடுநடுவே பேச்சை எடுக்கத்தான் பார்த்தேன். பெயர் காதில் விழுவதற்கு முன்பே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான். துக்கத்தில் இருக்கிறான், போகட்டும் என்று விட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவன், அங்கே நின்ற சின்ன சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது யாரோடது?" என்று கேட்டான்.

"பக்கத்து வீட்டுது. வைக்க இடம் இல்லன்னு வெச்சிருக்காங்க" என்றேன். அந்த நிமிடத்தைச் சமாளிக்கச் சொன்னது. எங்கள் தொழிலில் தற்காலிக ஏற்பாடு என்று குறிப்பு எழுதி ஒரு வரியைப் போடுவோம். நிரலில் மற்ற எல்லாம் மாறினாலும் அந்த வரி மட்டும் மாறாது. என் பொய்யும் ஏழு வருடம் ஓடிவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்து அவனை நான் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. வேர்க்கடலைக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது, பெற்ற பிள்ளைக்கு இல்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தது என்று அவன் சொல்லும்போது நான் கோபித்துக்கொள்வது உப்புக்காக அல்ல. அது அவனுக்குத் தெரியாது. அகரனைச் சுமக்கிற தலை இந்த வீட்டில் என் தலை ஒன்றுதான் என்றும், நான் எதையும் விடுகிறவள் இல்லை என்றும் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சொன்னால் வெட்கம்தான், ஆனால் இருந்தது.

இப்போது அந்தத் தலையிலும் மிஸ்டை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் நானும் தினமும் பட்டியல் படிக்க வேண்டும். அதில் அகரன் என்று நான் வாய்விட்டுச் சொன்னால், பக்கத்தில் பல் தேய்க்கிறவன் யார் அது என்று கேட்பான். சொல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அகரன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் படிக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

மொழி மாற்றுவதற்கு முன்னால் தலையில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து ஒரு அறிக்கை தருவார்கள். சனிக்கிழமை காலை அதற்காகத் துரைப்பாக்கத்தில் ஒரு நிலையத்துக்குப் போனேன். பரிசோதகர் ஜெசிந்தாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பட்டியல்ல ஒரு பேர் எழுதினா, அந்த ஆளைப் பத்தி எல்லாமே நிக்குமா?" என்று கேட்டேன்.

"அந்தப் பேரோட ஒட்டிக்கிட்டு என்னென்ன இருக்கோ எல்லாம் நிக்கும் மேடம். நல்லது மட்டும் நிக்கட்டும், மத்தது போகட்டும்னெல்லாம் கேக்க முடியாது. வந்தா மொத்தமா வரும், போனா மொத்தமா போகும்."

"சரி."

திரையை உருட்டிக்கொண்டே போனார். "உங்க தலையில சேந்தது ரொம்ப ஜாஸ்தி. பழைய சமோசா எல்லாம் இருக்கு. பதினஞ்சு வருஷத்துல ஒண்ணே ஒண்ணைத்தான் கையால விடுவிச்சிருக்கீங்க."

"நான் எதையும் விடுவிக்கல."

"இங்க போட்டிருக்கே."

"தப்பா இருக்கும். எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல."

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். "விடுவிச்சா அதுவும் போயிடும், விடுவிச்ச ஞாபகமும் போயிடும் மேடம். அதுக்குத்தானே வர்றாங்க. கிரானைட்ல இதுக்கு நேர்ல வரணும், கட்டினவரோட சாட்சிக் கையெழுத்தும் வேணும். பாருங்க, உங்க கையெழுத்து, அவர் கையெழுத்து."

பார்த்தேன். கீழே இழுத்து முடிக்கிற என் கையெழுத்தேதான். தேதி, அகரன் போய் மூன்று வாரம் கழித்து. கிரானைட் எதற்கும் வகையும் அளவும் கேட்கும் என்று சொன்னேன் அல்லவா, விடுவித்ததற்கும் கேட்டு எழுதி வைத்திருந்தது. வகை என்ற இடத்தில் நாள் என்றும், அளவு என்ற இடத்தில் ஒன்று என்றும் இருந்தது.

"சாட்சி ஒரு குறிப்பும் எழுதியிருக்கார். படிக்கட்டா?" என்றார் ஜெசிந்தா.

நான் தலையை ஆட்டினேன். அவர் கிருத்திக் எழுதியதைச் செய்தி வாசிப்பது போல் வாசித்தார்.

"அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் உயிரோடு இருக்க மாட்டாள். அதனால் சம்மதிக்கிறேன். என் தலையிலும் அந்த நாள் இருக்கக் கூடாது. இருந்தால் என்றைக்காவது சண்டையில் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அகரனைப் பட்டியலில் போட்டால் அவனோடு அந்த நாளும் நிற்குமாம். அதனால் அவனைப் போடவில்லை."

ஜெசிந்தா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அகரன் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். பதினாறு, பதினேழு, பதினெட்டு. பதினாறாம் தேதி அவனுக்கு ஊசி போட்ட நர்ஸின் வளையல் நிறம் எனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி அவன் உள்ளங்கை என் உள்ளங்கையில் எவ்வளவு சூடாக இருந்தது என்று தெரியும். பதினேழு இல்லை. களைப்பில் தூங்கிப்போயிருப்பேன் என்று, ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அதைக் கிளறாமல் இருந்திருக்கிறேன். ஜாங்கிரியை மறக்காத நான் அதை எப்படிக் கேட்காமல் இருந்தேன் என்று இப்போதுதான் கேட்டேன்.

அந்த மாதம் எங்கள் நிறுவனம் ஒரு புதிய லிஃப்ட் நிரலை வெளியிட்டது. வெளியீட்டுத் தேதி பதினேழு. அந்த வருடம் எனக்குக் கடமை தவறாத ஊழியர் என்று கண்ணாடியில் செய்த ஒரு விருது கொடுத்தார்கள். எதற்குக் கொடுத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நடந்தது இதுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு அவன் என்னைக் கேட்டு அழுதானா, நான் எத்தனை மணிக்குத் திரும்பி வந்தேன், கிருத்திக் போன் செய்து நான் எடுக்காமல் இருந்தேனா, ஒன்றும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அதை ஒழித்துவிட்டோம்.

கல்நெஞ்சன் என்று நான் ஏழு வருடம் திட்டிய மனிதன் பெற்ற பிள்ளையை மறந்தது எனக்காக. நான் பேச்சை எடுத்தபோதெல்லாம் எழுந்து போனதும் எனக்காக. அந்த நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். அடுத்துக் காத்திருந்தவர் வேறு கிளை இருக்கிறதா என்று வரவேற்பில் விசாரித்துக்கொண்டு போனார்.

"இந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துத் தரவா மேடம்?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"வேண்டாம்."

"இதுவும் அந்தப் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்கும். பட்டியல்ல போட்டீங்கன்னா உங்களுக்கு இது மறக்கவே மறக்காது."

"நிக்கட்டும்" என்றேன். திங்கட்கிழமை காலைக்கு மிஸ்டுக்கு நேரம் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கிருத்திக் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். போன வருடம் பிரித்தபோது எந்தத் திருகு எங்கே இருந்தது என்று அவனுக்கு மறந்திருந்தது. நான் அவன் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தேன்.

"அழுதியா? ஏன் கண்ணு இப்படி இருக்கு?" என்றான்.

"கிருத்திக், நமக்கு ஒரு பையன் இருந்தான்."

கையில் இருந்ததைக் கீழே வைத்தான். பொய் சொல்கிறேனா, விளையாடுகிறேனா என்று கேட்கவில்லை. கிரானைட்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. "பேரு?" என்றான்.

"அகரன்."

அவன் அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அகரன் செய்ததையெல்லாம் நான் சொன்னேன். லிஃப்ட் ஆன்ட்டி, டாட்டா, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றது, அப்பாவின் மீசையைப் பிடித்துத் தொங்கியது, தூங்கும்போது ஒரு கால் மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது. நிரலில் நான் ரகசியமாக வரி சேர்த்ததைச் சொன்னபோது சத்தமாகச் சிரித்தான். பிறகு சிரித்த வாயை மூட முடியாமல் அழுதான். தனக்குத் தெரியாத பிள்ளைக்காக ஒரு மனிதன் இவ்வளவு அழுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பரணில் ஏறிப் படங்களை இறக்கி, தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் இது எப்போது, இது எங்கே என்று கேட்டுக்கொண்டான். கொக்கிப் பட்டியலை எடுத்து எழுதினான். திங்கட்கிழமை எனக்கும் மிஸ்ட் ஏற்றுகிறார்கள் என்றதும், என்னையும் என் பட்டியலில் இன்றைக்கே எழுதச் சொன்னான். ரெண்டு பேர்கிட்ட இருந்தா பத்திரம், ஒருத்தர் படிக்க மறந்தாலும் இன்னொருத்தர் சத்தம் கேக்கும் என்றான்.

"என்ன ஆச்சு அவனுக்கு?" என்று பிறகு கேட்டான்.

"காய்ச்சல். மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்தான்."

"மூணு நாளும் நீ கூடவே இருந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று மறுக்க உலகத்தில் ஒருவரும் கிடையாது, நான் உட்பட.

"முதல் நாளும் கடைசி நாளும் இருந்தேன்" என்றேன். "நடுவுல ஒரு நாள் எங்க இருந்தேன்னு தெரியல."

அவன் என் முகத்தையே பார்த்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

"அப்ப அன்னைக்கு நான் இருந்திருப்பேன்" என்றான்.